பச்சைப் பாலும் மாறிப்போன குணமும்

மூளைக் காய்ச்சல் என்றதும் எம்மவர்களுக்கு முதலில் ஞாபகம் வருவது நுளம்புதான். 1985ஆம், 1986ஆம் ஆண்டுகளில் அனுராதபுரம் பக்கத்தில் ஜப்பானிய மூளைக் காய்ச்சல் பரவிப் பல உயிர்களைக் கொண்டுபோனது. எங்கள் பெற்றோருக்கு அது நன்றாக நினைவிருக்கும். ஆனால் நாம் இப்போது வந்து சேர்ந்திருக்கும் இந்தப் பாலைவன நாடுகளில் மூளையைத் தாக்கும் வேறொரு தொற்று இருக்கின்றது. அது நுளம்பால் வருவதில்லை. பாலில் வருகிறது. ஒட்டகத்தின் பால், ஆட்டின் பால், மாட்டின் பால் எதுவானாலும், காய்ச்சாமல் குடித்தால் அதில் ஆபத்து இருக்கலாம்.

அந்த நோயின் பெயர் புரூசெல்லோசிஸ். இங்குள்ள அரபு மக்கள் இதனை 'ஹும்மா மால்டிய்யா', அதாவது மால்டாக் காய்ச்சல் என்பார்கள். வளைகுடா நாடுகளில் இது புதிய நோயல்ல. ஓமானின் தெற்கே சலாலா இருக்கும் டோபார் பகுதியிலும், சவூதி அரேபியாவிலும், குவைத்திலும் வைத்தியர்கள் நெடுங்காலமாகக் கண்டு வருவதுதான். காய்ச்சல் வரும், வியர்க்கும், மூட்டும் முதுகும் நோகும். பெரும்பாலானோருக்கு அதோடு நின்றுவிடும். நூறு நோயாளிகளில் ஏறத்தாழ ஐந்து பேருக்கோ அதிலும் குறைவானவர்களுக்கோ மட்டும் கிருமி மூளையையும் நரம்புகளையும் எட்டிப் பிடிக்கிறது. அப்போதுதான் ஆளின் நினைவும், பேச்சும், குணமும் மாறத் தொடங்குகின்றன.

இந்த அரிய நிலையைப் பற்றி எழுதுவதற்குக் காரணம் இருக்கிறது. இங்கே ஒருவர் திடீரென்று மறதிக்காரராகவோ, கோபக்காரராகவோ, எதிலும் நாட்டமில்லாதவராகவோ மாறினால் நாம் உடனே ஒரு பெயர் வைத்துவிடுகிறோம். வீட்டு நினைவு என்கிறோம். போரில் பட்ட துன்பம் என்கிறோம். சோம்பல் என்கிறோம். செய்வினை என்றும் சிலர் சொல்வார்கள். இவற்றில் சில உண்மையாகவும் இருக்கலாம். ஆனால் காய்ச்சலோடு சேர்ந்து குணமும் மாறினால், அதற்கு ஒரு கிருமி காரணமாக இருக்கக்கூடும் என்பதை நாம் தெரிந்து வைத்திருக்க வேண்டும். ஏனென்றால் கிருமிக்கு மருந்து உண்டு.

மால்டாவில் தொடங்கிய கதை

மத்தியதரைக் கடலில் உள்ள மால்டாத் தீவில் அந்நாளில் பிரித்தானியப் படைகள் இருந்தன. அங்குள்ள சிப்பாய்களுக்கு வாரக்கணக்கில் ஏறி இறங்கும் காய்ச்சல் வரும். 1887இல் டேவிட் புரூஸ் என்ற இராணுவ வைத்தியர், இந்தக் காய்ச்சலால் இறந்தவர்களின் மண்ணீரலில் இருந்து கிருமியைப் பிரித்தெடுத்தார். அவருடைய பெயரால்தான் அது 'புரூசெல்லா' ஆயிற்று. ஆனால் அது எங்கிருந்து வருகிறது என்பது அப்போது தெரியவில்லை. 1905இல் தெமிஸ்ரோக்கிள்ஸ் சமிற் என்ற மால்டா நாட்டு வைத்தியர் உள்ளூர் ஆடுகளைச் சோதித்தபோது, பார்வைக்குச் சுகமாக நின்ற ஆடுகளிலேயே கிருமி இருப்பதைக் கண்டார். 1906இல் படையினருக்கு ஆட்டுப்பால் கொடுப்பதை நிறுத்தினார்கள். காய்ச்சல் மளமளவென்று குறைந்தது.

இதில் நாம் கவனிக்க வேண்டியது ஒன்று. ஆடு சுகமாகத்தான் தெரிந்தது. பாலும் வெள்ளையாக, நல்ல மணத்தோடுதான் இருந்தது. பார்த்தோ முகர்ந்தோ இந்தக் கிருமியைக் கண்டுபிடிக்க முடியாது.

குவைத் வைத்தியர்கள் கண்டது

வளைகுடாவில் இந்நோயைப் பற்றி முறையாக ஆராய்ந்தவர்களில் குவைத் வைத்தியர்கள் முக்கியமானவர்கள். 1988இல் அவர்கள் 400 நோயாளிகளைத் தொடர்ந்து கவனித்து ஓர் ஆய்வை வெளியிட்டார்கள். அதற்கு முந்திய ஆண்டு, 1987இல், மூளையும் நரம்பும் பாதிக்கப்பட்ட 19 பேரைப் பற்றி மட்டும் தனியாக எழுதினார்கள். அது 'பிறெயின்' என்ற புகழ்பெற்ற ஆங்கில வைத்திய சஞ்சிகையில் வந்தது. றியாத்தில் பணியாற்றிய மட்கூர் என்ற வைத்தியர் 1989இல் இந்த நோயைப் பற்றியே ஒரு பெரிய நூலை வெளியிட்டார். ஆகவே இது எங்கோ தூரதேசத்து நோயல்ல. நாம் பஸ் ஏறிப் போகும் நகரங்களின் வைத்தியசாலைகளில் பார்க்கப்பட்ட நோய்.

குவைத் வைத்தியர்கள் பிரித்துக் காட்டிய வகைகள் நமக்கும் விளங்கக்கூடியவை. சிலருக்கு நோய் திடீரென்று வருகிறது. காய்ச்சல், தாங்க முடியாத தலையிடி, கழுத்து விறைப்பு, மயக்கம், தடுமாறிய பேச்சு என்று சில நாட்களிலேயே ஆள் படுத்துவிடுவார். வேறு சிலருக்கு மெதுவாக வருகிறது. நரம்பு பாதிக்கப்பட்டுக் கால் பலவீனமாகும். அல்லது நடை தள்ளாடும். இந்த மெதுவான வகையைத்தான் கண்டுபிடிப்பது கடினம்.

மூளைக்குள் என்ன நடக்கிறது?

எமது இரத்தத்தில் காவல்காரர் போன்ற உயிரணுக்கள் இருக்கின்றன. வெளியிலிருந்து வரும் கிருமியை விழுங்கி அழிப்பது அவற்றின் வேலை. புரூசெல்லாவின் தந்திரம் என்னவென்றால், அந்தக் காவல்காரனின் வயிற்றுக்குள்ளேயே சாகாமல் ஒளிந்திருந்து பெருகுவதுதான். அதனால்தான் காய்ச்சல் விட்டு விட்டு வருகிறது. அதனால்தான் மருந்தும் நீண்ட காலம் எடுக்க வேண்டியிருக்கிறது.

அப்படி ஒளிந்து திரியும் கிருமி இரத்தத்தோடு போய் மூளையைச் சுற்றியுள்ள மெல்லிய சவ்வையோ, மூளையையோ அடைந்தால் அங்கே அழற்சி உண்டாகும். வீக்கம் எந்தப் பகுதியில் என்பதைப் பொறுத்து மாற்றமும் வேறுபடும். நெற்றிக்குப் பின்னால் உள்ள பகுதிதான் யோசித்து முடிவெடுக்கவும், கோபத்தை அடக்கவும், இன்ன இடத்தில் இன்னதுதான் பேசலாம் என்று நிதானிக்கவும் உதவுகிறது. தொழிற்சாலையில் போர்மன் இல்லாத நேரத்தை நினைத்துப் பாருங்கள். மெசின் ஓடிக்கொண்டுதான் இருக்கும். ஆனால் எதை நிறுத்த வேண்டும், எதை முதலில் செய்ய வேண்டும் என்று சொல்ல ஆளிராது. அந்தப் பகுதி பாதிக்கப்பட்டவரின் நிலையும் அதுதான். காதுப் பக்கமாக உள்ள பகுதி பாதிக்கப்பட்டால் புதிதாகக் கேட்டது மனதில் நிற்காது. காலையில் சாப்பிட்டது மாலையில் மறந்துவிடும்.

இந்த நோயில் காணப்படுபவை இவை: மறதி, குழப்பம், காரணமில்லாத எரிச்சல், மனச்சோர்வு, தூக்கம் குலைதல். சிலருக்கு இல்லாத சத்தம் கேட்கும், இல்லாத ஆள் தெரியும். இவற்றோடு காது மந்தமாவது இந்த நோயில் அடிக்கடி காணப்படும் ஓர் அடையாளம். கேட்கும் நரம்பு பாதிக்கப்படுவதே அதற்குக் காரணம். கூப்பிட்டால் திரும்பாத ஆளை 'திமிர் பிடித்தவன்' என்று திட்டுவதற்கு முன் இதையும் யோசிக்க வேண்டும்.

ஒரு மஸ்ராத் தொழிலாளி

எனக்குத் தெரிந்த ஒரு தம்பி, வன்னியைச் சேர்ந்தவர், நகரத்துக்கு வெளியே ஒரு மஸ்ராவில் ஆடும் ஒட்டகமும் பார்த்தார். வேலை முடிந்து வெள்ளிக்கிழமைகளில் எங்கள் றூமுக்கு வருவார். பகிடி சொல்லிச் சிரிக்க வைப்பவர். பிறகு சில மாதங்கள் வந்து ஒரு மூலையில் இருந்துவிட்டுப் போனார். இரவில் காய்ச்சல் என்றார். கிளினிக் ஒன்றில் இரண்டு தரம் பனடோல் கொடுத்து அனுப்பினார்கள். அதன்பின் வீட்டுக்குக் காசு அனுப்பினேனா இல்லையா என்று ஒரே நாளில் நாலு தரம் கேட்டார். ஒருநாள் சோறு சமைத்துக்கொண்டிருந்த அண்ணையோடு சும்மா சண்டைக்குப் போனார். அவர் அப்படிப்பட்ட ஆளே அல்ல.

ஊரிலிருந்து நூல் கட்டி எடுப்பிக்க வேண்டும் என்றார் ஒருவர். டிக்கெற் போட்டு அனுப்பிவிடுவோம் என்றார் இன்னொருவர். வரும்போது ஏஜென்சிக்குக் கட்டிய கடன் அப்படியே இருந்தது. ஊரில் தாயும் இரண்டு தங்கைகளும். கடைசியில் பெரிய வைத்தியசாலைக்குக் கொண்டுபோனபோது, கேரளத்துத் தாதி ஒருவர்தான் அந்தக் கேள்வியைக் கேட்டார்: என்ன வேலை, ஒட்டகப் பால் பச்சையாகக் குடிப்பது உண்டா? தினமும் குடிப்பேன், அங்கே அதுதான் காலைச் சாப்பாடு என்றார் தம்பி. இரத்தமும் முள்ளந்தண்டு நீரும் எடுத்துச் சோதித்தார்கள். மாதக்கணக்கில் மருந்து. இப்போது வேலை செய்கிறார். ஒரு காது மட்டும் இன்னும் மந்தம்தான். அன்று டிக்கெற் போட்டு அனுப்பியிருந்தால் ஊரில் அவரை என்ன பெயர் சொல்லிக் கூப்பிட்டிருப்பார்கள் என்று நினைக்கவே பயமாக இருக்கிறது.

பைத்தியமில்லாத ஒரு பெண்

இந்த நோயை மனக்கோளாறு என்று தள்ளிவிடுவது படிப்பறிவில்லாதவர்கள் மட்டும் செய்யும் பிழையல்ல. அமெரிக்காவில் அலிஸ் இவான்ஸ் என்ற பெண் ஆராய்ச்சியாளர் இருந்தார். ஆட்டில் வரும் மால்டாக் கிருமியும் மாட்டில் கருச்சிதைவை உண்டாக்கும் கிருமியும் நெருங்கிய உறவு என்றும், பச்சைப் பால் மனிதருக்கு ஆபத்து என்றும் 1918இல் அவர் எழுதினார். பால்பண்ணைக்காரர்கள் எதிர்த்தார்கள். பெண், அதிலும் கலாநிதிப் பட்டம் இல்லாதவர் என்று அறிஞர்கள் சிலரும் அலட்சியம் செய்தார்கள். 1922இல் ஆய்வுகூடத்தில் அவருக்கே அந்தக் கிருமி தொற்றியது. இருபது ஆண்டுகளுக்கு மேலாக அது வருவதும் போவதுமாக இருந்தது. ஆரம்பத்தில் வைத்தியர்கள் அவருக்கு நோயே இல்லை, நரம்புத் தளர்ச்சி என்று சொல்லிவிட்டார்கள். கிருமியைப் பற்றி அவர்களை விட அதிகம் தெரிந்த ஒருவருக்கே இந்தக் கதி. பின்னர் அவர் சொன்னதே சரியென்று உலகம் ஏற்றது. 1928இல் அமெரிக்கப் பக்ரீரியா ஆய்வாளர் சங்கத்தின் முதல் பெண் தலைவரானார். 94 வயதுவரை வாழ்ந்து 1975இல் காலமானார்.

காய்ச்சுவது மட்டும் போதும்

நான் பால் நிரப்பும் தொழிற்சாலை ஒன்றில் வேலை செய்வதால் இந்தப் பகுதியைத் துணிந்து எழுதலாம். கடையில் விற்கும் பாலை 72 பாகை செல்சியசில் 15 செக்கனோ, 63 பாகையில் 30 நிமிடமோ சூடாக்கி உடனே குளிர வைப்பார்கள். பாஸ்டர் முறை என்பது இதுதான். புரூசெல்லா இந்தச் சூட்டில் செத்துவிடும். வீட்டில் கருவி தேவையில்லை. பொங்கி வரும்வரை காய்ச்சினால் போதும். ஒட்டகப் பாலை விரும்புபவர்களும் கவலைப்படத் தேவையில்லை. டுபாயில் 2006 முதல் ஆலையில் சூடாக்கிய ஒட்டகப் பால் போத்தலில் விற்பனைக்கு வந்திருக்கிறது.

ஆபத்து வேறு இடங்களில்தான். மழைக்காலத்தில் சலாலா பார்க்கக் குடும்பமாகப் போகிறோம். தெருவோரத்தில் அப்போதே கறந்த ஒட்டகப் பாலை நுரையோடு தருவார்கள். மஸ்ராவுக்குப் போனால் முதலாளி அன்போடு ஒரு கிண்ணம் நீட்டுவார். காய்ச்சினால் சத்துப் போய்விடும் என்பது இங்குள்ள பலரின் நம்பிக்கை. அவர்களுடைய விருந்தோம்பலை நாம் குறை சொல்லவில்லை. 'காய்ச்சித்தான் குடிப்போம்' என்று மரியாதையாகச் சொல்லி வீட்டுக்கு எடுத்து வரலாம். பச்சைப் பாலில் செய்த புதுச் சீசும் மோரும் இதே கணக்குத்தான். தயிராக்கினாலும், குளிர்பெட்டியில் உறைய வைத்தாலும் கிருமி செத்துவிடும் என்று நம்பக்கூடாது. 2012இல் சவூதியில் மேர்ஸ் என்ற சுவாச நோய் கண்டுபிடிக்கப்பட்டபின், உலக சுகாதார நிறுவனமும் ஒட்டகப் பாலைக் காய்ச்சாமல் குடிப்பதைத் தவிர்க்கச் சொல்லியிருக்கிறது.

ஆடு மாடு பார்க்கும் நம்மவர்களுக்குப் பால் மட்டும் வழியல்ல. குட்டி ஈனும்போது வரும் நீரிலும் நச்சுக்கொடியிலும் கிருமி நிறைய இருக்கும். கையில் ஒரு சிறு வெட்டுக்காயம் இருந்தாலே போதும், உள்ளே போய்விடும். கையுறை போட்டுக்கொள்ளுங்கள், கருச்சிதைந்த குட்டியை வெறுங்கையால் தூக்காதீர்கள். இறைச்சியையும் ஈரலையும் நன்றாக வேக வைத்தே சாப்பிடுங்கள்.

வைத்தியரிடம் என்ன சொல்ல வேண்டும்?

கிருமி உடலில் புகுந்து பெரும்பாலும் இரண்டு முதல் நான்கு கிழமைகளில் காய்ச்சல் தொடங்கும். சிலருக்கு மாதங்களும் ஆகும். ஆகவே பால் குடித்த கதையை நாமே மறந்திருப்போம். வைத்தியர் கேட்காவிட்டாலும் மூன்று விடயங்களை நீங்களே சொல்லுங்கள். முதலாவது, காய்ச்சல் எத்தனை நாளாக வந்து போகிறது. இரண்டாவது, பச்சைப் பால் குடித்ததும் மிருகங்களோடு பழகியதும். மூன்றாவது, ஆளின் குணத்தில் என்ன மாற்றம், எப்போதிருந்து. மூன்றாவதை நோயாளி சொல்லமாட்டார், அவருக்கே தெரியாது. கூட இருப்பவர்தான் சொல்ல வேண்டும். மனைவியோ, றூம் நண்பரோ கூடப் போவது அதனால்தான் அவசியம்.

இரவு வியர்வை, மெலிவு, தலையிடி என்று பார்த்தால் இது காசநோய் போலவே தெரியும். முள்ளந்தண்டு நீரைச் சோதித்தாலும் இரண்டும் ஒன்றுபோல மயக்கும். அதோடு இந்தக் கிருமி ஆய்வுகூடத்தில் மிக மெதுவாகவே வளரும். அதனால்தான் பால் குடித்த கதை வைத்தியருக்கு அவ்வளவு முக்கியம். சுகவீனமாகி ஊருக்குத் திரும்பியவர்களுக்கு இது இன்னும் முக்கியம். யாழ்ப்பாணத்திலோ மட்டக்களப்பிலோ உள்ள வைத்தியர் இந்த நோயை அன்றாடம் காண்பவர் அல்ல. 'வளைகுடாவில் இருந்தேன், பச்சைப் பால் குடித்தேன்' என்ற ஒரு வசனம் அவருக்குப் பெரிய உதவி.

ஆனால் காய்ச்சலோடு ஓரிரு நாட்களிலேயே ஒருவர் உளறினால், ஆளை அடையாளம் தெரியாமல் நின்றால், வலிப்பு வந்தால், கழுத்து விறைத்தால் காத்திருக்க வேண்டாம். அது புரூசெல்லாவாக இல்லாமல் ஹேர்பீஸ் வைரசினால் வரும் மூளை அழற்சியாகவும் இருக்கலாம். அதுவும் அரிதுதான். ஆனால் மருந்தில்லாமல் விட்டால் பத்தில் ஏழு பேர் இறந்துவிடுவார்கள். அசைக்ளோவிர் என்ற மருந்தை நேரத்தோடு ஊசியில் ஏற்றினால் பெரும்பாலானோர் பிழைப்பார்கள். அம்புலன்சை அழைக்க எமிரேட்சில் 998, சவூதியில் 997, குவைத்தில் 112, ஓமானில் 9999, கட்டாரிலும் பஹ்ரைனிலும் 999.

மருந்தை இடையில் விடாதீர்கள்

சாதாரண புரூசெல்லோசிசுக்கு டொக்சிசைக்கிளின், றிபாம்பிசின் போன்ற இரண்டு மருந்துகளைச் சேர்த்து குறைந்தது ஆறு கிழமை கொடுப்பார்கள். மூளையைத் தொட்டிருந்தால் இரண்டு மூன்று மருந்துகள், மாதக்கணக்கில். முதல் இரண்டு கிழமையிலேயே காய்ச்சல் விட்டுவிடும். அப்போதுதான் பலர் குளிசையை நிறுத்துகிறார்கள். ஒளிந்திருந்த கிருமி திரும்பவும் வரும். கர்ப்பிணிகளுக்கும் சிறு பிள்ளைகளுக்கும் மருந்து வேறு என்பதால் ஒருவருடைய குளிசையை மற்றவருக்குக் கொடுக்கவே கூடாது. நேரத்தோடு கண்டுபிடித்தால் பெரும்பாலானோர் நன்றாகத் தேறிவிடுவார்கள். நாட்பட்டுப் போனால் காது, நடை, நினைவு ஆகியவற்றில் குறை தங்கிவிடலாம்.

இந்த நோய் மனிதரிடமிருந்து மனிதருக்குத் தொற்றுவது மிகமிக அரிது. நோயாளியின் கோப்பையைத் தனியாக வைக்கவோ, அவரை றூமை விட்டு வெளியேற்றவோ தேவையில்லை. அவருக்குப் பக்கத்தில் ஆள் இருப்பதுதான் தேவை. மாத்திரை நேரத்தை ஞாபகப்படுத்த ஒருவர், வைத்தியசாலைக்குக் கூட்டிப்போக ஒருவர், ஊரில் உள்ள தாய்க்கு 'அவன் பைத்தியமில்லை, சுகவீனம்' என்று ரெலிபோனில் விளக்கிச் சொல்ல ஒருவர்.

நாம் எல்லோரும் வீடு வாசலை விட்டு வந்தவர்கள். சோகத்துக்குக் காரணம் நம்மிடம் நிறையவே உண்டு. அதனாலேயே ஒருவர் மாறிப்போனால் சோகம்தான் என்று இலகுவாகச் சொல்லிவிட்டு நகர்ந்துவிடுகிறோம். அவருடைய நெற்றியில் கையை வைத்துப் பாருங்கள். சுடுகிறதா என்று கேளுங்கள். எங்கே வேலை, என்ன குடித்தாய் என்று கேளுங்கள். பாலைக் காய்ச்சிக் குடியுங்கள். இந்தப் பக்கத்தை வாசித்து முடித்ததும், மஸ்ராவில் வேலை செய்யும் உங்கள் உறவினர் ஒருவருக்குப் படித்துக் காட்டுங்கள்.